உள்ளானுக்கு முகப்பரு

எழுபதுகளின் நடுவில் நான் சாந்தோம் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் காலைப் பூசை முடிந்ததும் மற்றவர்கள் பலகாரம் சாப்பிட வீட்டுக்குப் போவார்கள். நான் அண்ணன் விட்டுப்போன பழைய கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு அடையாறு முகத்துவாரத்துக்குக் கிளம்பிவிடுவேன். பறவை பார்க்க அங்கே ஆறேழு பேர் கூடுவோம். என்னைத் தவிர எல்லாரும் ஆண்கள்.

எங்களுக்குத் தலைவர் என்று யாரும் கிடையாது. ஆனால் குறிப்பேடு அண்ணாச்சியிடம் இருந்ததால் அவர் வைத்ததுதான் சட்டம். தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த திருநெல்வேலிக்காரர். துணியின் இழையைப் பார்க்கும் சின்ன லென்ஸ் எப்போதும் அவர் சட்டைப்பையில் இருக்கும். பறவையின் பெயர், இடம், நாள், பார்த்தவர் என்று குறிப்பேட்டில் கோடு போட்டு வைத்திருந்தார். அபூர்வமான பறவை என்றால் இரண்டு பேர் பார்த்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் படம் வேண்டும். ‘பார்த்தவர்’ என்ற இடத்தில் இரண்டு வருஷமாகியும் என் பெயர் ஏறவில்லை. நான் கையை நீட்டிக் காட்டுவதற்குள் பக்கத்தில் நிற்பவர் பெயரைச் சொல்லி முந்திக்கொள்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு சித்திரை மாதக் காலை. மற்றவர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். நான் கவிழ்த்துப் போட்டிருந்த படகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். நீள மூக்கால் சேற்றைக் குத்திக்கொண்டே ஓர் உள்ளான் என் பக்கம் வந்தது. வழக்கமாக வரும் உள்ளான் இல்லை. கொஞ்சம் பருமன், மார்பு முழுக்க மிளகைத் தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள். நம் கரையில் காணக் கிடைக்காத இனம், புத்தகத்தில் மட்டுமே பார்த்திருந்தேன். மூன்று தடவை அழுத்தினேன். அவர்கள் திரும்பி வருவதற்குள் அது பறந்துவிட்டது.

“நீங்க பாத்திருப்பீக டீச்சர், நான் இல்லைங்கல. ஆனா படம் வேணும்லா,” என்றார் அண்ணாச்சி. “இன்னைக்கு உங்களுக்கு எழுதுனா நாளைக்கு ஒருத்தன் மெரினாவுல பென்குயினப் பாத்தேம்பான்.”

மறுநாளே லஸ் பக்கத்து ஸ்டுடியோவில் பிலிமைக் கொடுத்தேன். மிக முக்கியமான படம், நன்றாக வர வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னேன். அங்கேதான் தப்பு செய்தேன். அந்த ஸ்டுடியோவில் முக்கியமான படம் என்றால் பெண் பார்க்க அனுப்பும் படம். அது நேராக உள் அறையில் இருந்த டச்சிங்காரரிடம் போகும். கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் தெரியும் நெகட்டிவ்வில், பரு இருக்கும் இடத்தை ஊசிமுனைப் பென்சிலால் நிரப்புவார். படத்தில் பரு இருக்காது. மயிலாப்பூரில் பாதிக் கல்யாணம் அவர் கையால் நடந்தது என்று சொல்லிக்கொள்வார்கள்.

ஒரு வாரம் கழித்துப் படத்தை வாங்கிப் பார்த்தேன். கழுத்து, கால், மூக்கு எல்லாம் அவ்வளவு தெளிவு. மார்பு மட்டும் சலவைக்குப் போட்டு எடுத்த வேட்டி. ஒரு புள்ளிகூட இல்லை. கண்ணில் வேறு புதிதாக ஒரு பளபளப்பு.

நான் போட்ட சத்தத்தில் டச்சிங்காரரே வெளியே வந்தார்.

“இன்னா டீச்சர், மூணு பரு நாலு பரு பாத்துகீறேன். இதுக்கு ஒடம்பெல்லாம் கீது. ரெண்டு நாள் குந்திகினு ஒண்ணொண்ணா எடுத்தேன். கண்ணே பூத்துப்போச்சு. இப்ப பாரு, எவ்ளோ லட்சணமா கீது.”

“புள்ளிதாங்க அந்தப் பறவை. அது இல்லேன்னா இது வெறும் உள்ளான்,” என்றேன். அழுகை வந்துவிடும்போல் இருந்தது. மனுஷருக்கு என் முகம் பொறுக்கவில்லை. உள்ளே கூப்பிட்டார். பஞ்சை டர்பன்டைனில் நனைத்து நெகட்டிவ்வைப் பூப்போல ஒற்றி எடுத்தார். பென்சில் பூச்சு முழுக்க வந்துவிட்டது. மாலையே புதிதாகப் படம் போட்டுக் கொடுத்தார். மார்பு முழுக்க மிளகு.

அத்தோடு நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். அடுத்த ஞாயிறு படத்தைக் காட்டிவிட்டு, சிரிப்புக் கதை என்று நினைத்து முகப்பரு விவகாரத்தையும் எல்லாரிடமும் சொன்னேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், அண்ணாச்சியைத் தவிர. அவர் லென்ஸை வைத்துப் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

“எடுக்கத் தெரிஞ்ச கைக்கு வைக்கத் தெரியாதா டீச்சர்?”

நான் பொய் சொல்கிறேன் என்கிறாரா? மற்றவர்கள் சேற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். “வாங்க, அவரையே கேட்டுடலாம்,” என்று நடக்க ஆரம்பித்தேன். அண்ணாச்சியும் குறிப்பேட்டோடு வந்தார். லஸ்ஸுக்கு பஸ் பிடித்தோம்.

ஸ்டுடியோவில் அண்ணாச்சி, புள்ளிகள் அவர் வைத்தவையா என்று மரியாதையாகத்தான் கேட்டார். டச்சிங்காரர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

“இன்னா சார் இப்டி கேட்டுட்ட. இத்தினி வருசமா இந்த நாற்காலில குந்திகினு கீறேன். அம்மைத் தழும்பு, மச்சம், பரு, அல்லாம் எடுத்துகீறேன். யாரு மூஞ்சிலயாவது ஒரு புள்ளி வச்சேன்னு எவனாவது சொல்லட்டும்.”

“கொழந்தை படத்துல கன்னத்துல பொட்டு இருக்கே?” என்று சுவரில் மாட்டியிருந்த படத்தைக் காட்டினார் அண்ணாச்சி.

“அது திருஷ்டிக்குப் பெத்தவ வக்கிறது. வந்த புதுசுல அதையும் எடுத்துட்டு ஒரு அம்மாகிட்ட செம திட்டு வாங்கினவன் நான். வச்சவ வாய்ல வந்ததெல்லாம் சொன்னா.”

அண்ணாச்சி முதலில் மூக்கால் சிரித்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். டச்சிங்காரர் சிரிக்கவில்லை. அவருக்கு அது தொழில் மானம்.

அண்ணாச்சி அவருடைய சாய்வு மேஜையிலேயே குறிப்பேட்டைப் பிரித்தார். பறவையின் பெயர் எழுதினார், இடம் எழுதினார், நாள் எழுதினார். அடுத்த கட்டத்துக்கு வந்ததும் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“இனிஷியல் என்ன டீச்சர்?”

அத்தனை கோபத்தோடு அங்கே வந்தவள், அந்த ஒற்றை எழுத்தைச் சொல்லிவிட்டு, ‘பார்த்தவர்’ கட்டத்தில் ஏறிய என் பெயரை அவருடைய லென்ஸையே வாங்கி வைத்துப் பார்த்தேன்.