சாம்பிராணி குடித்த கார்

எங்கள் ஊர் ஆசிரம வாசல் கார் ஸ்டாண்டில் சகாதேவனைப் போல வீம்புக்காரன் இன்னொருவன் கிடையாது. 2006இல் செகண்ட் ஹேண்டில் ஒரு ஏசி கார் வாங்கினான். அதை அவன் துடைத்துக்கொண்டே இருப்பதைப் பார்த்தால் கையிலிருக்கிற துணியைப் பிடுங்கி எறியலாம் போலிருக்கும். மகள் மதிவதனியைத் தலைப்பிரசவத்துக்கு அந்தக் காரில்தான் அழைத்துவருவேன் என்று அவள் கல்யாணத்தன்றே சொல்லிவிட்டான்.

மதிவதனிக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங். வாழ்க்கைப்பட்டது கீழ்பென்னாத்தூரில். அப்போது அந்த ரோட்டில் வேலை நடந்துகொண்டிருந்தது. கண்ணாடியை இறக்கினால் மண், ஏற்றிவிட்டு ஏசி போட்டால் இருமல். அவள் மாசமானதும் ஒருமுறை சகாதேவன் தன் காரில் டாக்டரிடம் அழைத்துப்போகும்போது பாதி வழியில் அவளுக்கு மூச்சு இழுத்து, உதடு நீலமாகிவிட்டது. அவள் மாமியார் எல்லம்மாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"உங்க கார்ல மட்டும் அனுப்ப மாட்டேன் சம்பந்தி. வளைகாப்பு நடக்கட்டும், பிரசவமும் இங்கயே ஆவட்டும்."

என் காரை எடுத்துக்கோ என்றேன். "உன் கார்ல ஏசியே இல்லியே பலராமா" என்றான். வாஸ்தவம்தான்.

மெக்கானிக் அவன் காரின் டேஷ்போர்டுப் பெட்டியைக் கழற்றி, பின்னாலிருந்து ஏசி ஃபில்டரை உருவினான். கன்னங்கரேலென்று இருந்தது. கம்பெனி ஃபில்டர் எப்போது வருமென்று யாருக்கும் தெரியவில்லை. சகாதேவன் வேலூருக்கு பஸ் ஏறிப்போய் வேறு யாரோ செய்த ஃபில்டரை வாங்கிவந்தான். அகலம் கொஞ்சம் கம்மி. ஓரத்தில் ஸ்பாஞ்சு ஒட்டி இறுக்கினான்.

சில வாரம் கழித்து மகளை உட்கார வைத்து ஏசி போட்டுப் பார்த்தான். மறுபடியும் இருமல். எல்லம்மாள் மருமகளைக் கைபிடித்து இறக்கி உள்ளே கூட்டிப்போய்விட்டார். அதுதான் அவனைச் சுட்டது.

"டூப்ளிகேட் போட்டா அப்பிடித்தான்" என்று ஸ்டாண்டே சொன்னது, நான் உட்பட. அவனுக்கு ரோஷம் வந்து என் கண்ணெதிரிலேயே ஃபில்டரை உருவினான். புதுசும் கறுத்திருந்தது. முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினான். சாம்பிராணி வாசனை.

வெள்ளிக்கிழமை வண்டிக்குச் சாம்பிராணி காட்டாத டிரைவர் எங்கள் ஊரில் இல்லை. நாங்களெல்லாம் கதவைத் திறந்து ஒரு சுற்று காட்டுவோம், முடிந்தது. இவனுக்கு அது போதாது. அவன் மனைவி ராணியம்மாள் தூபக்காலை உள்ளே வைத்ததும் கண்ணாடியெல்லாம் ஏற்றிவிட்டு ஏசியை முழுசாகத் திருகிவிடுவான். மூலைமுடுக்கெல்லாம் புகை போக வேண்டுமாம். மகள் ஏறப்போகிற வண்டி என்று அந்த மாதங்களில் சாம்பிராணி இன்னும் ஜாஸ்தி.

"நான்தாண்டா அவளுக்குப் புகை போட்டிருக்கேன்" என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். எனக்கு வந்த சிரிப்பு அவன் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

மறுநாள் திரும்பவும் வேலூர், திரும்பவும் அதே ஃபில்டர். சீட்டுகளைக் கழற்றி வெயிலில் போட்டான். உள்ளே இண்டு இடுக்கு விடாமல் ஈரத்துணியால் துடைத்தான். வெள்ளிக்கிழமை ராணியம்மாள் தூபக்காலோடு வந்தபோது குறுக்கே நின்றான்.

"வாயும் வயிறுமா இருக்கறவ ஏறப்போறா. வண்டிய வெறுமனே விடக் கூடாதுங்க."

"அவ ஏறணும்னுதான் சொல்றேன். எடுத்துட்டுப் போ."

அன்றிலிருந்து புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சு நின்றது.

வளைகாப்புக்கு முந்தின நாள் கீழ்பென்னாத்தூர் போய், எல்லம்மாளையே மருமகளோடு பின்சீட்டில் உட்கார வைத்தான். கண்ணாடியை ஏற்றி, ஏசியைப் போட்டு, மண் பறக்கிற ரோட்டில் ரொம்ப தூரம் ஓட்டிவிட்டுத் திரும்பினான். மதிவதனி ஒரு தடவைகூட இருமவில்லை.

எல்லம்மாள் இறங்கி நின்று அவனைப் பார்த்தார். "சரி சம்பந்தி, கூட்டிட்டுப் போங்க."

வளைகாப்பு முடிந்து வரும்போது நான் முன்சீட்டில் இருந்தேன். கை நிறைய வளையலோடு அந்தப் பெண் தூங்கிக்கொண்டே வந்தாள். சகாதேவன் ரோட்டைப் பார்த்ததைவிடக் கண்ணாடியில் அவளைப் பார்த்ததுதான் அதிகம். ரோட்டைப் பாருடா என்று அவன் தொடையில் தட்டினேன்.

வாசலில் ராணியம்மாள் ஆரத்தித் தட்டோடு நின்றாள். சிவப்புத் தண்ணீரில் வெற்றிலை மிதந்தது. அதன் மேல் எரிய வேண்டிய கற்பூரத்தைக் காணோம்.

"கற்பூரம் ஏத்தலியாம்மா?" என்றாள் மதிவதனி.

"அது கெடக்கட்டும். நீ நல்லா மூச்சு விடு, அது போதும்" என்று சொல்லிக்கொண்டே தட்டைச் சுற்றினாள் ராணியம்மாள்.

அதுவரை பெண்டாட்டியோடு பேசாமலிருந்த வீம்புக்காரன், ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதான்.