இருபத்திரண்டு கிலோவா என் பிள்ளை?

என் மகளுக்கு ஒன்றேகால் வயது. போன மாதம் காய்ச்சல் என்று பல்லடத்தில் ஒரு கிளினிக்குக்குத் தூக்கிப் போனேன். நர்ஸ் அவளை எடை மெஷினில் நிறுத்தி, சீட்டில் 22 என்று மட்டும் எழுதினார். டாக்டர் செல்போனில் பேசியபடியே அந்த எண்ணைப் பார்த்து மருந்து எழுதினார். பிள்ளையை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

வெளியே வந்து படித்தால், வேளைக்குப் பத்து மில்லியாம்! இதே மருந்து சென்ற முறை ஐந்து மில்லிதான். நேராக நர்ஸிடம் போனேன்.

"ஏனுங்க, இவ இருபத்திரண்டு கிலோவா? கோழிப்பண்ணையில தெனமும் தீவன மூட்டை தூக்கறவ நானு. இருபது கிலோ எத்தனை கனம்னு எனக்குத் தெரியாதுங்களா?"

"மெஷின் பொய் சொல்லாதுங்க்கா."

மறுபடி நிறுத்தச் சொன்னேன். எண்ணுக்குப் பக்கத்தில் பொடியாகப் பவுண்டு என்று காட்டியது. யாரோ பொத்தானை மாற்றி அழுத்தியிருக்கிறார்கள். கிலோவில் வெறும் பத்துதான்!

"அட, கவனிக்கலீங்க" என்று சிரிக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டாக்டர் சீட்டைத் திருத்தித் தரும்வரை நான் அங்கிருந்து நகரவில்லை.

இப்போதெல்லாம் வெறும் எண் எழுதிய சீட்டைக் கையால் தொடுவதில்லை. யாராவது முகம் சுளித்தால் கேட்டுவிடுகிறேன்: "எங்க பண்ணையில கோழிக்குஞ்சுக்கே கிராம்னு சேர்த்துத்தானுங்க எழுதறோம். எம்புள்ளைக்கு எழுத மாட்டீங்களா?"