மூலனூர் ஓடையும் கந்தப்பனின் ஜீப்பும்

திருப்பூரில் இருபத்தாறு ஆண்டுகளாக நிட்டிங் மெஷின் ஃபிட்டராக இருக்கும் கந்தப்பன் என் பெரியப்பாவின் இளைய மகன். குடும்ப ஏட்டில் அவருக்குப் பிறப்பு, தொழில், திருமணம் என மூன்று வரிகளே இருந்தன. நான்காவதாக ஒரு ஜீப்பைச் சேர்க்க வேண்டிவந்ததால் இக்குறிப்பு.

ஜீப்புக்கும் பூர்வீகம் உண்டு. சேசிஸ் என்னும் அடிச்சட்டம், தாராபுரத்தில் ஒரு புளியமரத்தடியில் கிடந்த பழைய இராணுவ ஜீப்பினுடையது. டீசல் இன்ஜின் ஒரு காரிலிருந்து வந்தது. முன்சக்கரங்களைச் சுழற்றும் முன் ஆக்சில் ஒரு வண்டியினுடையது. கொமரலிங்கத்தில் வாங்கிய பின் ஆக்சில் இன்னொன்றினுடையது. நான்கு குடும்பத்துச் சம்பந்தத்தை இரண்டரை ஆண்டுகளில் வீட்டு ஷெட்டில் முடித்துவைத்தார்.

சாலையில் ஓட்ட அனுமதி கிடைக்காது என்பதை அவர் அறிவார். மூலனூர்ப் பக்கம் அக்காள் வீட்டு முருங்கைத் தோட்டத்துக்காகவே அதைச் செய்தார். தோட்டத்தின் நடுவே மணல் ஓடை. அக்கரையில் பறித்த காய்களைத் தலைச்சுமையாகத்தான் கொண்டுவர வேண்டும்.

அந்த ஷெட்டில் துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் மெஷின் போடக் காத்திருந்தவர் அவர் மனைவி மதுமதி. “பங்குனி உத்திரத்துக்குள்ள அது ஓடையத் தாண்டோணுமுங்க. இல்லீன்னா பழைய இரும்புக்காரனுக்குத்தான்” என்றார். கந்தப்பன், “சரி அம்மணி” என்று வாக்குக் கொடுத்தார்.

லேத் பட்டறை சகாயராஜ், தூத்துக்குடிக்காரர், ஒருமுறை எச்சரித்தார். “அண்ணே, முன் ஆக்சில் பல்லும் பின் ஆக்சில் பல்லும் கணக்கு ஒத்து வரலியே. முன்சக்கரம் முந்தி ஓடும், பாத்துக்கிடுங்க.”

கந்தப்பன் சிரித்தார். நிட்டிங் மெஷினில் கீழிருக்கும் உருளை, துணி பின்னப்படும் வேகத்தைவிடச் சற்று முந்தித்தான் இழுக்கும். அப்போதுதான் துணி தொய்யாது. “அதேதானுங்க சகாயம். முன்னால கொஞ்சம் இழுத்தாத்தான் வண்டி தொய்யாமப் போகும்” என்று அப்படியே விட்டுவிட்டார்.

2025 ஏப்ரல் 6, ஞாயிறு. உத்திரத்துக்கு ஐந்து நாள் இருந்தது. லாரியில் ஏற்றிவந்த ஜீப்பைத் தோட்டத்தில் இறக்கி, கந்தப்பன் லீவரை நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் ஃபோர் வீலுக்குத் தள்ளினார். இறுகிய செம்மண் தடத்தில் நாற்பதடி போவதற்குள் வண்டி முனகி நின்றது. லீவரும் அசையவில்லை.

அக்காள் கணவர் சாமியப்பன் துண்டை உதறினார். “ஏன் மாப்ளே, ரண்டு எருதும் ஆளுக்கொரு பக்கம் இழுக்குதா? இரும்புக்காரன் நெம்பரு எங்கிட்ட இருக்குது. கூப்புடட்டுமா?”

“இருங்க மாமா” என்ற கந்தப்பன், உருளைக் கணக்கை அவருக்கு விளக்கத் தொடங்கினார். பனியன் கம்பெனியில் பதினோரு ஆண்டு செக்கிங் பார்த்த மதுமதி இடைமறித்தார்.

“பனியன் துணி இழுத்தா நீளுமுங்க. இந்தத் தடத்துல எது நீளும்?”

கந்தப்பன் குனிந்து தடத்தைப் பார்த்தார். நீள எதுவுமில்லை. சக்கரங்களின் வேக வித்தியாசமெல்லாம் உள்ளே பல்சக்கரங்களில் முறுக்காக ஏறி நின்றிருந்தது. நிமிர்ந்தபோது அவர் பார்வை ஓடையில் இருந்தது.

“மணல் வுட்டுக் குடுக்கும் அம்மணி.”

பத்தடி பின்னுக்கு எடுத்ததும் முறுக்குத் தளர்ந்து லீவர் விடுபட்டது. பின்சக்கர இழுவையிலேயே ஓடைக்கரை வரை சென்று, மணலில் இறங்கியபின்தான் ஃபோர் வீல் போட்டார். “இரும்புக்குப் போற வண்டிதானே, ஒருக்கா ஏறிப் பாக்கறேன்” என்று மதுமதி ஏறிக்கொண்டார். சக்கரங்கள் ஆளுக்குக் கொஞ்சம் வழுக்கின; வண்டி நிற்காமல் அக்கரை ஏறியது.

திரும்புகையில் எட்டுக் கட்டுக் காய் வந்ததாகச் சாமியப்பன் கூறுகிறார். ஆறு என்கிறார் மதுமதி. எண்ணி ஏற்றியவர் அவரே என்பதால் ஆறு என்றே பதிகிறேன்.

வைகாசியில் முன்னதோடு பல் கணக்கு ஒத்த ஆக்சில் பின்பக்கம் அமர்ந்தது. “அன்னைக்கே சொன்னேம்லா” என்று சகாயராஜ் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஜீப் தோட்டத்திலேயே தங்கிவிட்டதால் ஷெட்டில் இரண்டு ஓவர்லாக் மெஷின்கள் ஓடுகின்றன. ஞாயிறுதோறும் அவற்றை நிறுத்திவிட்டு மதுமதி மூலனூர் போகிறார். ஓடையில் ஜீப்பை ஓட்டுபவர் இப்போது அவர்தான். கந்தப்பன் பின்னால் காய்க்கட்டின்மேல் உட்கார்ந்து வருகிறார்.