குப்பைக்கூடைக்குப் போன பத்தொன்பது தாள்கள்

எத்தனை தடவை சோதிப்பது, எந்த அளவில் முடிவெடுப்பது என்பதைச் சோதனைக்கு முன்பே எழுதிவிட வேண்டும். இந்த விதி எங்கள் தரக்கட்டுப்பாட்டுக் கையேட்டின் மூன்றாம் பக்கத்தில் இருந்தது. மேலாளர் இரண்டாம் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டவர்.

எழுபதுகளின் நடுவில் கும்மிடிப்பூண்டியில் ஒரு போல்ட் தொழிற்சாலையில் புள்ளியியல் கணக்குப் போடுவது என் வேலை. கவரைப்பேட்டையிலிருந்து சைக்கிளில் வரும் ஒரு லேத் ஆபரேட்டர் யூனியன் கூட்டத்தில் எழுந்து பேசிவிட்டார். அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் அவர் எந்திரத்தில் கழித்துப்போட்ட போல்ட்டுகளை மற்ற எந்திரங்களோடு ஒப்பிடும்படி மேலாளர் எனக்கு உத்தரவிட்டார். எந்திரத்தில் குறையே இல்லாவிட்டாலும் அவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பைச் சொல்வது பி-மதிப்பு. அது 0.05க்கு மேல் வந்தால், அந்த வித்தியாசத்தைக் குறையென்று சொல்ல முடியாது. மேலாளர் தாளைக் கூடையில் போடுவார். பத்தொன்பது வாரம் அப்படியே போனது. இருபதாவது வாரம் 0.04.

"பாத்தீரா, சயின்ஸே சொல்லிடுச்சு. ஆளை சஸ்பெண்ட் பண்ணக் கையெழுத்துப் போடும்."

"பத்தொன்பது வாரமும் சயின்ஸ் லீவா சார்?" என்றேன். எந்தக் குறையும் இல்லாத எந்திரத்தையும் இருபது தடவை சோதித்தால், ஒரு தடவையாவது மாட்டிக்கொள்ளத்தான் வாய்ப்பு அதிகம்.

நான் கையெழுத்துப் போடவில்லை. நான் போடாமலே ஆபரேட்டரை சஸ்பெண்ட் செய்தார்கள். கேட்டில் ஆபரேட்டர் என்னை மறித்தார்.

"இன்னா சார், பத்தொம்போது வாரம் நல்லவன், ஒரு வாரம் கெட்டவனா? நீங்கோ போட்ட கணக்குதானே என்னை வெளிய தள்ளுச்சு?"

"கணக்கு சரிதான். மத்ததை மறைச்சதுதான் தப்பு."

"அப்போ அத்தை எட்து காட்டு சார்!"

காட்ட முடியும். கார்பன் வைக்காமல் நான் எதையும் எழுதியதில்லை. இருபது நகல்களையும் தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். முறைப்படி மேலாளருக்கும் ஒரு பிரதி.

"உம்மை ஆர்.கே.பேட்டைப் பக்கம் ஆடு மேய்க்க அனுப்பிடுவேன்!"

"ஆட்டையும் எண்ணத் தெரியும் சார்."

மாதம் ஒரு நினைவூட்டல் அனுப்பினேன். அதற்குள் ஆபரேட்டர் செங்கல் சூளையில் கல் சுமக்கப் போய்விட்டார். ஐந்தாவது நினைவூட்டலுக்குப் பிறகு இரண்டே வரியில் பதில்: இருபது தாள்களும் பார்வையிடப்பட்டன, சஸ்பென்ஷன் ரத்து, உடனே பணியில் சேர்க்கவும். வருத்தம் தெரிவிக்கும் வழக்கம் அவர்களுக்கு இல்லை. கடிதத்தை எடுத்துக்கொண்டு அனுமதி கேட்காமலே சூளைக்குக் கிளம்பினேன். அன்றைக்கு ஆடி பதினெட்டு, தொடங்கியதெல்லாம் பெருகும் என்பார்கள்.