தொட்டுப் பார்க்கும் கடல் பசு

என் அப்பா கடலைப் பார்ப்பதற்கு முன்பே ஒரு கடல் பசுவைச் செய்தார்.

அப்போது நான் நாலாவது படித்தேன். ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் அப்பாவுக்குச் சுண்ணாம்புக் குழி வேலை. ஊறிய தோலைக் குழியிலிருந்து இழுத்துப் போட வேண்டும். கை இரண்டும் வெடித்துப் புண்ணாகிவிட்டன. குழியை விட்டால்தான் ஆறும் என்று வேலூரில் டாக்டர் சொன்னார். விட்டால் வேறு வேலை இல்லை.

அம்மாவின் அண்ணனுக்கு மெட்ராஸில் தச்சு வேலை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கடலைப் பற்றித் தெரிந்துகொள்ளக் கடற்கரையில் ஒரு மையம் கட்டினார்கள். அங்கே வைக்கும் மாதிரிகளை மாமா செய்துகொண்டிருந்தார். ஒருநாள் படம் ஒன்றோடு வந்தார்.

“மாப்ள, பசங்க தொட்டுப் பாக்கற மாதிரி ஒரு கடல் பசு வேணுமாம். பிளாஸ்டிக்ல செஞ்சது மையத்த நடத்தற மேடத்துக்குப் புடிக்கல. நீ தோல்ல செய்வியா?”

“அது இன்னா, மாடா மீனா?”

“கடலுக்குள்ள புல்லு மேயுமாம். நல்லா வந்தா உன்ன அங்கயே வேலைக்கு வெச்சுக்கறேன்னு சொல்லுது மேடம். குழிய வுட்ரலாம் மாப்ள.”

மாமா கம்பியில் கூடு கட்டினார். அப்பா எருமைத் தோலை வெட்டினார். அம்மா தைத்தாள். நான் படத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஷாப்பில் செய்வதுபோல மீன் எண்ணெய் தேய்த்துத் தேய்த்து அப்பா அதை மென்மையாக்கினார். விரலால் அழுத்தினால் உயிருள்ளதுபோல உள்ளே போய்த் திரும்பி வந்தது. வீடெல்லாம் நாற்றம் என்று அம்மா கத்தினாள்.

“கடல்ல கீறது மல்லிப்பூ மாதிரியா மணக்கும்?” என்றார். அப்பா தமாஷ் பண்ணி நான் கேட்டது அது ஒன்றுதான்.

மையத்தின் திறப்பு நாளுக்கு மாமா அப்பாவையும் என்னையும் கூட்டிப்போனார். கடல் பசுவின் பக்கத்தில் ‘தொட்டுப் பாருங்கள்’ என்று பலகை. அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. நான் படித்துச் சொன்னேன். பிள்ளைகள் தொட்டார்கள், கையை மோந்தார்கள், “ஐயே, மீனு!” என்று கத்தினார்கள், திரும்பவும் வரிசையில் வந்து நின்றார்கள். மேடம் சிரித்துக்கொண்டே வந்தார்.

“அடுத்தது ஆமை. ஒண்ணாம் தேதியிலேருந்து வந்துடுங்க.”

அப்பா தலையை மட்டும் ஆட்டினார்.

மகனோடு வந்திருந்த ஒரு அம்மாள் கேட்டார். “அழகா இருக்கே, எதுல செஞ்சீங்க?”

எங்கள் ஊரில் ஒரு தோலைப் பற்றிக் கேட்டால் எந்த மாடு, யார் கை பட்டது என்று சொல்வதுதான் மரியாதை. அப்பா சொன்னார். “எருமைத் தோலும்மா. ஆம்பூர் ஷாப்ல நானே குழியில போட்டு எடுத்தது.” சொல்லிவிட்டுக் கையையும் காட்டினார்.

அந்த அம்மாள் மகனின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். “ச்சீ. வா, கை கழுவு.”

அவர் தோளில் தொங்கியது நல்ல ஆட்டுத் தோல் பை. ஷூ கம்பெனியில் தைக்கிற நான் இப்போது பார்த்தவுடன் சொல்வேன். அன்று தெரியவில்லை.

வரிசை குழாயடிக்கு மாறியது. சோப்பு கேட்டார்கள். இரண்டு பேர் மேடத்தை ஓரமாகக் கூப்பிட்டுப் பேசினார்கள். மத்தியானம் கடல் பசுவைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். பலகையையும் மாற்றினார்கள்.

“இன்னா எழுதிக்கீது?” என்றார் அப்பா.

“தொடாதீர்கள்னு போட்டிருக்குப்பா.”

மேடம் வேறெங்கோ பார்த்துக்கொண்டு, “சொல்லி அனுப்புறோம்” என்றார். எதிரிலேயே கடல். கால் நனைக்காமல் பஸ் ஏறினோம்.

திங்கட்கிழமை அப்பா குழிக்குப் போனார்.

விலை உயர்ந்த சாமானுக்குத்தான் கயிறு கட்டுவார்கள் என்று நினைத்திருந்தேன். அன்று சாயங்காலம் தெருவில் ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொன்னேன். “எங்கப்பா செஞ்சத யாரும் தொடவே கூடாதாம். கயிறு கட்டிக்கீறாங்க.”

வேலையிலிருந்து வந்த அப்பா எனக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நிறுத்தச் சொல்லவில்லை. அடுத்த வீட்டுக்கும் போய்ச் சொன்னேன்.