சூசை அத்தானைத் தேடிப் பலாலிக்கு

பலாலியிலிருந்து தமிழ்நாட்டுக்கு மறுபடியும் விமானம் ஓடத் தொடங்கிய பிறகு, இந்த வலைப்பூவை வாசிப்பவர்கள் ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். தீவுப்பகுதியிலிருந்து காலையில் வெளிக்கிட்டால் அன்றைக்கே விமானத்தைப் பிடிக்கலாமா? என் பதிலைக் கடைசியில் சொல்கிறேன். அந்தப் பயணத்தை நான் முதன்முதலில் செய்தது 1965ஆம் ஆண்டு தை மாதம், ஒரு வியாழக்கிழமை. விமானத்தில் வருகிற ஒருவரைக் கூட்டிக்கொண்டு வரப் போனோம். வருகிறவர் நாங்கள் தேடுகிற ஆள்தானா என்பது தெரியாமலே போனோம்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. ஊர்காவற்றுறையில் ஒரு அரசாங்கக் கந்தோரில் கிளாக்கராக இருந்தேன். என் அக்கா திரேசா நெடுந்தீவில் கலியாணம் முடித்திருந்தாள். அவளுடைய கணவர் சூசை அத்தானுக்குக் கடற்றொழில். புதுவருடம் பிறந்து சில நாட்களில் தனியாக ஒரு சின்ன வள்ளத்தில் போனவர் திரும்பி வரவில்லை. மூன்று நாள் தேடினார்கள். பிறகு கடலில் போனவர்களும் வெறுங்கையோடு வந்துவிட்டார்கள். இறந்தவருக்கான பூசை பற்றி ஊரில் மெல்லப் பேசத் தொடங்கினார்கள். அக்கா மட்டும் அதற்குச் சம்மதிக்கவில்லை.

பதினாறாம் நாள், செவ்வாய் பின்னேரம், யாருடைய பெயரும் இல்லாமல் கந்தோர் விலாசத்தை மட்டும் போட்டு, எங்களுக்கு ஒரு தந்தி வந்தது. திருச்சியில் ஒரு கத்தோலிக்கக் கோயில் பங்குச் சுவாமி அனுப்பியது. 'நெடுந்தீவுச் சூசை உயிரோடு இருக்கிறார், வியாழக்கிழமை விமானத்தில் பலாலி வருகிறார், ஆள் வரவும்.' அவ்வளவுதான். முந்திய மார்கழிப் புயலில் தனுஷ்கோடி அழிந்து, தலைமன்னார்க் கப்பலும் நின்றிருந்தது. அதனால்தான் விமானம் என்று எனக்கு விளங்கியது.

புதன்கிழமை தந்தியோடு நெடுந்தீவுக்குப் போனேன். அக்கா இரண்டு தரம் வாசித்தாள். சிரிக்கவுமில்லை, அழவுமில்லை.

"இது எந்தச் சூசை?" என்றாள்.

கேள்வி நியாயமானது. நெடுந்தீவில் அப்போது குறைந்தது ஐந்து சூசைகள் இருந்தார்கள். அதில் ஒருவர் வேலை தேடி முந்திய வருடம் இந்தியாவுக்குப் போனவர். வீட்டில் இரண்டு பிள்ளைகளும் எங்கள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "அவையளுக்கு ஒண்டும் சொல்லாதை தம்பி. நான் கண்ணால கண்டாப் பிறகு சொல்லுறன்" என்றாள். ஒரு பையில் அத்தானின் வெள்ளைச் சட்டையையும் சாரத்தையும் மடித்து வைத்தாள்.

வியாழன் காலை ஆறு மணிக்கு நெடுந்தீவு மாவலித்துறையில் மோட்டார் வள்ளம் ஏறினோம். புங்குடுதீவுக் கரையில் உள்ள குறிகட்டுவானுக்கு வழக்கமாக ஒரு மணித்தியாலம். அன்றைக்கு வாடைக்காற்று கடுமையாக இருந்தது. முக்கால் மணி போனதும் அலை உள்ளுக்கு அடிக்கத் தொடங்கியது. வள்ளக்காரர் நயினாதீவுப் பக்கம் திருப்பி, ஏழேகாலுக்குக் கரையில் கட்டிவிட்டார்.

"அண்ணை, எங்களுக்குப் பலாலியில பிளேன் வருது" என்றேன்.

"பிளேன் மேலால வரும் தம்பி. நான் தண்ணியில எல்லோ போகவேணும். இப்ப ஏலாது" என்றார்.

கோயிலடித் தேநீர்க் கடையில் ஆளுக்கொரு தேநீர் குடித்தோம். அக்கா கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தபடி இருந்தாள். அந்தக் காற்றில் ஒரு சின்ன வள்ளம் என்ன பாடுபட்டிருக்கும் என்று அவள் நினைத்தது எனக்குத் தெரியும். எட்டு நாற்பதுக்குக் காற்றுக் கொஞ்சம் தணிந்தது. ஒன்பது ஐந்துக்குக் குறிகட்டுவானில் இறங்கினோம். பஸ் எட்டரைக்கே போய்விட்டது. அடுத்தது பத்தரைக்கு.

புங்குடுதீவைத் தாண்டி வேலணை வழியாக ஊர்காவற்றுறைக்குப் பன்னிரண்டு மைல் இருக்கும். சுருவில் பக்கம் ஒரு மாட்டு வண்டில் ரோட்டை அடைத்து நின்றதில் மேலும் பத்து நிமிடம் போனது. பதினொன்று ஐம்பதுக்குத் துறைமுகத்தில் இறங்கி, காரைநகர் போகும் வள்ளத்துக்கு ஓடினோம். அது அரை மைல் கடல்தான், கால் மணித்தியாலம் போதும். அக்கரையில் வாடகைக்கு நின்ற ஒரே கார் ஐயாத்துரை அண்ணையுடையது. பலாலிக்குப் பதினாறு மைல். போய், காத்து நின்று, திரும்ப வரப் பதினைந்து ரூபா கேட்டார். பேரம் பேச நேரமில்லை. பன்னிரண்டரைக்குக் கார் வெளிக்கிட்டது.

ஐயாத்துரை அண்ணைக்கு ஐம்பது வயதளவில் இருக்கும். பலாலிதான் சொந்த ஊர். விமானம் பிடிபடுமா என்று நான் நாலாவது தரம் கேட்டதும் சிரித்தார்.

"தம்பி, அந்தப் பிளேன்ர நேரம் எனக்குப் பாடம். ரெண்டேகாலுக்கு முந்தி ஒருநாளும் வந்ததில்லை. அந்த இடத்தைப் பற்றி என்னைவிடத் தெரிஞ்ச ஆள் இல்லை. ஓடுபாதைக்குக் கீழ கிடக்கிறது எங்கட தோட்டம்."

பொன்னாலைப் பாலத்தைத் தாண்டும்போது தொடங்கி, அளவெட்டி வரும்வரை அவர் சொன்ன கதைதான் எனக்குத் தெரிந்த பலாலி விமான நிலைய வரலாறு. உலக யுத்தக் காலத்தில் ஆங்கிலேயப் படைக்கு அங்கே ஒரு விமானத் தளம் தேவைப்பட்டது. நல்ல செம்மண், வெங்காயமும் புகையிலையும் விளைந்த தரை. ஒருநாள் அளவுக் கயிறோடு ஆட்கள் வந்தார்கள். பனைகளைத் தறித்தார்கள், கிணறுகளை மூடினார்கள்.

"எங்கட கிணத்தையும் மூடினவை. பேந்து கூலிக்கு ஆள் வேணும் எண்டாங்கள். நானும் போனனான். சுண்ணக்கல்லு உடைச்சுக் கொட்டினது நான்தான். என்ர கிணத்துக்கு மேல நானே கல்லுப் போட்டனான்" என்றார்.

பின் சீட்டிலிருந்த அக்கா முதல் தடவையாக வாய் திறந்தாள். "கோவம் வரேல்லையோ அண்ணை?"

"வந்தது. வேலை முடிஞ்சாப் பிறகு ரெண்டு வருசம் அந்தப் பக்கம் திரும்பிப் பாக்கேல்லை. சண்டை முடிஞ்சு வெள்ளைக்காரன் போனாப் பிறகு புல்லு முளைச்சுது, ஆடு மேஞ்சுது. திருப்பித் தருவாங்கள் எண்டு இருந்தம். அதுக்குள்ள கொழும்பில இருந்து ஆக்களை ஏத்திக்கொண்டு பிளேன் வரத் துவங்கீட்டுது. பேந்து மெட்ராசுக்கு, திருச்சிக்கு. முதல் தகரக் கொட்டில், பேந்து கட்டிடம். நான் என்ன செய்யிறது? கார் ஓடப் பழகினன். வெங்காயம் தந்த காணி இப்ப ஆக்களைத் தருது."

இதை அவர் வருத்தமாகவும் சொல்லவில்லை, பெருமையாகவும் சொல்லவில்லை.

ஒன்றரை மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். அன்றைய பலாலி விமான நிலையம் என்றால் ஒரு சிறிய கட்டடம், ஆட்கள் இருக்கச் சில வாங்குகள், பயணப் பொதி நிறுக்கும் தராசு, காற்றுத் திசை காட்டும் துணிக்கூண்டு, ஒரு கம்பி வேலி. காலையில் கொழும்பிலிருந்து வருகிற விமானம் பலாலியில் இறங்கித் திருச்சிக்குப் போகும். பின்னேரம் அதே வழியால் திரும்பும். வேலியோரம் வேடிக்கை பார்க்க வந்த குடும்பங்கள் சாப்பாட்டுப் பார்சலோடு இருந்தன.

மேசையில் இருந்தவரிடம் பெயர்ப் பட்டியல் பார்க்கச் சொன்னேன். விரலை வைத்து மேலிருந்து கீழாகப் பார்த்தார். "சூசை எண்டு ஒருத்தரும் இல்லையே" என்றார்.

அக்காவிடம் இதை எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. பட்டியல் இன்னும் வரவில்லை என்று பொய் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு வேலிப் பக்கம் போனாள்.

மூன்று ஐந்துக்கு விமானம் தெரிந்தது. காற்று அதிகமாக இருந்ததால் ஒருமுறை தாழ்ந்து வந்து, இறங்காமல் மேலெழும்பிப் போய்விட்டது. "நேரா கொழும்புக்குப் போகப்போகுது போல" என்று பக்கத்தில் ஒருவர் சொன்னார். அக்கா இரண்டு கையாலும் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஐந்தாறு நிமிடத்தில் மறுபடி சுற்றி வந்து இறங்கியது. படியை வைத்தார்கள். சீலைப் பொதிகளோடு இரண்டு வியாபாரிகள், ஒரு குடும்பம், கல்லூரிப் பெடியன்கள் நாலு பேர், ஒரு வயதான ஐயர். எல்லோரும் எங்களைத் தாண்டிப் போனார்கள். பிறகு படியில் யாரும் வரவில்லை.

"பட்டியலில பேர் இல்லை, என்ன?" என்றாள் அக்கா.

"இல்லை அக்கா."

அவள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டாள். அந்த நேரம் உள்ளேயிருந்து ஒரு அதிகாரி வந்து, "ஜோசப்பைக் கூட்டிக்கொண்டு போக ஆர் வந்தது? பாஸ்போட் இல்லாத ஆள், காலிலயும் கட்டு. மற்றப் பக்கத்தால இறக்கினது" என்று கேட்டார்.

வேறு யாரையோ கேட்கிறார் என்று நான் நினைத்தேன். அக்காதான் துள்ளி எழும்பினாள். "ஜோசப் எண்டாச் சூசைதானே தம்பி! சுவாமி கோயில் பேரை எழுதிப்போட்டார்!"

ஞானஸ்நானப் பதிவில் எழுதுகிற பெயர் அதுதான் என்பது எனக்குத் தோன்றவேயில்லை. கந்தோரில் பெயர் எழுதுவதே வேலையாக இருந்த எனக்கு இன்றைக்கும் அது வெட்கம்தான்.

உள்ளே ஒரு கதிரையில் தாடியோடு ஒருவர் இருந்தார். தோல் உரிந்து, உதடு வெடித்து, வலது காலில் மாக்கட்டு. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு உடனே அடையாளம் தெரியவில்லை. அதிகாரி மேசையில் சுவாமியின் கடிதத்தையும் பொலிஸ் எழுதிக் கொடுத்த ஒரு துண்டையும் வைத்திருந்தார்.

"இவர் உங்கட மனுசன் எண்டதுக்கு என்ன அத்தாட்சி வைச்சிருக்கிறீங்கள்?" என்று கேட்டார்.

அக்கா அதிகாரி பக்கம் திரும்பாமல் கதிரையில் இருந்தவரைப் பார்த்தாள்.

"வாடை இறங்கேல்லை, போகவேண்டாம் எண்டு சொன்னனானெல்லோ? கேட்டனீங்களே?"

அவர் தலையைக் குனிந்தார். "ஓம். நீர் சொன்னனீர்."

"பதினெட்டு நாள்! பிள்ளையளுக்கு நான் என்னத்தைச் சொல்லுறது? ஆர் கேட்டாலும் நான் என்னத்தை..." அவள் பையிலிருந்த சட்டையை எடுத்து அவர் மடியில் வைத்துவிட்டு, அதன் மேலேயே முகத்தைப் புதைத்து அழுதாள்.

அதிகாரி பேனையை மூடினார். "எனக்கு இந்த அத்தாட்சி போதும். தம்பி, நீர் இதில ஒரு கையெழுத்து வையும்" என்றார்.

திரும்பும்போது அத்தானை முன் சீட்டில் காலை நீட்டி இருத்தினோம். அவர் கதையைத் துண்டு துண்டாகத்தான் சொன்னார். பாய்மரம் முறிந்தது, கால் அதற்கடியில் அகப்பட்டது, வாடை தென்மேற்கே இழுத்துக்கொண்டு போனது. நாலு பகல், நாலு இரவு. தேவிபட்டினத்துப் பக்கம் மீனவர்கள் கண்டு தூக்கினார்கள். பல நாள் நினைவே இல்லை. பிறகு அங்கேயிருந்து திருச்சி ஆஸ்பத்திரி.

"பிளேன் எப்பிடி இருந்தது?" என்று ஐயாத்துரை அண்ணை கேட்டார்.

"நான் நாலு நாள் கிடந்த கடல். ஒரு சோடா குடிச்சு முடியிறதுக்குள்ள கடந்துபோட்டுது அண்ணை" என்றார் அத்தான். கொஞ்ச நேரம் கழித்து இதையும் சொன்னார். "ரெண்டாம் நாள் இதே பிளேன் வடக்கால போனது. சட்டையைக் கழட்டி வீசி வீசிக் காட்டினனான். ஒருத்தரும் காணேல்லை. இண்டைக்கு நான் ஜன்னலை விட்டுக் கண் எடுக்கேல்லை. ஆரும் கிடக்கினமோ எண்டு பாத்துக்கொண்டுதான் வந்தனான்."



அன்றைக்கு ஊர்காவற்றுறையில் என் அறையில் தங்கி, மறுநாள்தான் அவர்கள் நெடுந்தீவு போனார்கள். கால் சுகமாகி, ஆறு மாதத்தில் அத்தான் மறுபடி கடலுக்குப் போனார். வாடைக் காலத்தில் தனியாகப் போவதை மட்டும் விட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு எண்பதுகளின் தொடக்கம்வரை நான் ஏழெட்டுத் தரம் பலாலியால் போய்வந்தேன். ஒவ்வொரு முறையும் ஏதாவது மாறியிருக்கும். வாங்குகள் போய்க் கதிரைகள் வந்தன, மின்விசிறி வந்தது, சிற்றுண்டிக் கடை வந்தது. வெளிநாட்டுக் காசுக்குக் கட்டுப்பாடு இருந்த வருடங்களில் திருச்சி விமானத்தில் பாதி இடம் காலியாகக் கிடக்கும். இறக்குமதி திறந்துவிட்ட பிறகு துணி வாங்கப் போகிறவர்களால் இடம் கிடைப்பதே கஷ்டம். பிறகு படையினர் கூடினார்கள். வாடகைக் கார்களை வாசலிலேயே மறித்தார்கள், வேலியோரம் வேடிக்கை பார்ப்பது நின்றது. கடைசியாக நான் போனபோது வாசலிலிருந்து கட்டடத்துக்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். இப்போது பாலங்களும் பாதைகளும் நல்லது. கணக்குப் பார்த்தால் காலையில் நெடுந்தீவில் வெளிக்கிட்டு அன்றைக்கே விமானம் ஏறலாம். ஆனாலும் வாடை வீசுகிற கார்த்திகையிலிருந்து மாசிவரை அதை நம்பாதீர்கள். முதல்நாளே யாழ்ப்பாணம் வந்து தங்குங்கள். கடவுச்சீட்டில் உள்ள பெயரை எழுத்துப் பிசகாமல் பயணச்சீட்டிலும் எழுதுங்கள். கூட்டிப்போக வருகிறவர்களுக்கும் அதே பெயரைச் சொல்லி வையுங்கள். ஜன்னலோர இடம் கேட்டு வாங்குங்கள், கடலுக்கு மேலே போகிற அந்தச் சொற்ப நேரம் கைப்பேசியைப் பார்க்காமல் கீழே பாருங்கள். தனியாக ஒரு வள்ளம் கிடந்து, அதில் யாராவது எதையாவது வீசிக்கொண்டிருந்தால், மணியை அழுத்திப் பணியாளரைக் கூப்பிடுங்கள். உங்கள் கண்ணுக்கு அப்படித் தோன்றியது மட்டும்தான் என்றாலும் கூப்பிடுங்கள்.