அத்தை கிணற்றில் தாமிரம்

ஒரு தேக்கரண்டி அளவுகூட இருக்காது அந்த மஞ்சள் பொடி. எண்பதுகளின் தொடக்கத்தில் வேலூரில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது அதை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. அதைச் செய்ய, தாமிர அயனிகளைச் சுற்றிப் பாலிமரைக் கெட்டியாக்கி, பிறகு அமிலத்தில் கழுவித் தாமிரத்தை மட்டும் வெளியேற்ற வேண்டும். ஈர மாவில் விரலை அழுத்தி எடுத்ததுபோல் உள்ளே குழிகள் நிற்கும். அந்தக் குழிகள் மற்ற உலோகங்களை அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. தண்ணீரில் தாமிரம் இம்மியளவு இருந்தாலும் பிடித்து வைத்துக்கொள்ளும். இதை ஆரணிப் பக்கம் சேவூரில் இருந்த அத்தையிடம் பெருமையடித்துக்கொண்டது என் வாய்க்கொழுப்பு.

அத்தை, அப்பாவின் அக்கா. மாமா போன பிறகு வீட்டின் பின்கட்டில் பட்டுநூலுக்குச் சாயம் போட்டுத்தான் பிழைத்தாள். சில நிறங்கள் வெளுக்காமல் நிற்க மயில்துத்தம் சேர்ப்பாள். அது தாமிர உப்பு. அந்த வருஷம் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு வாந்தி நிற்கவேயில்லை. இரண்டு வீட்டுக்கும் ஒரே கிணறு. "உங்க சாயத் தண்ணிதான் ஊறிகினு வருது. மொதல்ல அந்த சாய அடுப்ப அணைங்க" என்று குழந்தையின் அப்பா வாசலில் நின்று கத்தினாராம். அத்தை சண்டைக்குப் போகவில்லை. தண்ணீரைப் புட்டியில் அடைத்து, தெரிந்தவர் ஒருவரிடம் கொடுத்தனுப்பினாள். "ஜல்தி பாத்து சொல்லு கண்ணு. எனுக்கு சோறு எறங்கல" என்று ஒரு வரி கூடவே வந்தது.

பார்த்தேன். தாமிரம் எகிறியிருந்தது. பொடியைச் சரியாகக் கழுவாமல் பழைய தாமிரமே கசிகிறதோ என்று காய்ச்சி வடித்த நீரை விட்டுப் பார்த்தேன். கசியவில்லை. மூன்று முறை பார்த்துவிட்டு, உள்ளதை உள்ளபடி கடிதம் எழுதிப் போட்டேன். அவள் பிழைப்பில் நானே மண்ணைப் போட்டுவிட்டேனே!

சனிக்கிழமை ஓடினேன். பஸ் கண்ணமங்கலம் தாண்டுவதற்குள் உயிர் போய் வந்தது. அடுப்பு அணைந்து கிடந்தது. கடிதத்தைப் படித்ததும் அத்தையே அணைத்திருந்தாள்.

"எதுல அத்தை தண்ணி மொண்ட?" என்று கேட்டேன்.

"காலேஜுக்குப் போற தண்ணியாச்சேன்னு, சாமிக்கு வைக்கிற செப்புத் தவலைய புளி போட்டு பளிச்சுனு தேச்சி, முந்தின நாளே புடிச்சி வச்சேன்."

அடக் கடவுளே! புளி தேய்த்த செம்பில் ஒரு நாள் முழுக்கக் கிடந்த தண்ணீரா? தவலைத் தாமிரமே அதில் கரைந்து இறங்கியிருக்கும். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கண்ணாடிப் புட்டியை நேராகக் கிணற்றில் இறக்கி எடுத்துப்போய்ப் பார்த்தேன். சொல்லும்படியான தாமிரம் இல்லை.

அடுத்த வாரம் வந்து இரண்டு வீட்டிலும் சொன்னேன். "தப்பா பேசிட்டேங்க, மனசுல வச்சிக்காதீங்க" என்றார் குழந்தையின் அப்பா. நானே அடுப்பில் விறகு அடுக்கித் தீப்பெட்டியை நீட்டினேன். அத்தை வாங்கவில்லை.

"உன் பொடி தாமிரத்த மட்டும்தான புடிக்கும்னு சொன்ன?"

"ஆமா."

"நான் போடற சாயத்துல அது மட்டுமா கீது? மத்ததுக்கு இன்னா சொல்லுது?"

எத்தனையோ அறிக்கைகள் எழுதிவிட்டேன். இந்தக் கேள்வியை இன்றுவரை வேறு யாரும் என்னிடம் கேட்டதில்லை. அன்று தீப்பெட்டியைத் திரும்ப மாடத்தில் வைத்துவிட்டேன். சுவருக்கு அப்பால் குழந்தை மறுபடியும் ஓங்கரித்தது. அத்தை இரண்டு குடங்களை எடுத்துக்கொண்டு அடுத்த தெருக் கிணற்றுக்குக் கிளம்பினாள். ஒரு குடம் பக்கத்து வீட்டுக்கு.